இதய மாத்திரையைத் திடீரென நிறுத்தலாமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் பணிக்குச் சென்றிருந்தேன். முகாம் நடந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து தூரம் என்பதால் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டேன். சிவப்புப் பேனா, மூக்குக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில் என எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வைத்த எனக்கு, இரவில் போடும் மாத்திரை அட்டையில் இரண்டே இரண்டு மாத்திரைதான் மிச்சம் என்பது கண்ணில் படவில்லை. அவையும் தீர்ந்த பிறகு, "பிரஷர் ஐந்து மாதமாக நார்மலாகத்தானே இருக்கிறது, ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன். மருந்துக் கடை தங்கை வீட்டுத் தெருமுனையிலேயே இருந்தது.

மாத்திரை போடாத நான்காம் நாள் காலை. இரண்டாம் மாடிக்குப் படியேறியபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. பின்மண்டையில் வலி, மார்பில் ஏதோ அழுத்துவது போன்ற உணர்வு. பக்கத்து மேசையில் இருந்த தமிழாசிரியர், "டீச்சர், முகமெல்லாம் வேர்த்திருக்கு. முதல்ல எழுந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று அழைத்துச் சென்றார். அங்கே பார்த்தபோது ரத்த அழுத்தம் 180/110, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 124. நல்லவேளையாக இ.சி.ஜி.யில் மாரடைப்புக்கான அறிகுறி இல்லை.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன மாத்திரை போடறீங்க? எப்ப நிறுத்தினீங்க?" என்பதுதான்.

"நிறுத்தலை டாக்டர். தீர்ந்துபோச்சு."

"தீர்ந்ததுன்னாலும் நிறுத்தினதுன்னாலும் உங்க இதயத்துக்கு ஒண்ணுதாங்க" என்றார் அவர்.

நான் அறிவியல் ஆசிரியர். அட்ரினலின் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். ஆனால் நான் தினமும் விழுங்கும் மாத்திரை அந்த அட்ரினலினைத்தான் தடுக்கிறது என்பதோ, அதைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்பதோ எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். நம் ஆசிரியர் அறைகளில் இந்த மாத்திரையைப் போடுபவர்கள் பலர் இருக்கிறார்கள். நம்மிடம் பயிலும் குழந்தைகளின் தாத்தா பாட்டிகளிலும் பலர் இருக்கிறார்கள்.

உங்கள் மாத்திரை இந்த வகையா?

அட்டையின் பின்புறம் வணிகப் பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கும். அந்தப் பெயர் 'லால்' என்று முடிந்தால் அநேகமாக அது பீட்டா தடுப்பு மருந்து. அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், நெபிவோலால், கார்வெடிலால், ப்ரோப்ரானோலால், லாபெட்டலால் ஆகியவை நம் ஊரில் அதிகம் எழுதித் தரப்படுபவை. சிலருக்கு அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்ற வேறு மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் கிடைக்கும். எனவே 'பிரஷர் மாத்திரை' என்று மட்டும் சொல்லிக்கொள்ளாமல் மருந்தின் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே மருந்துகள் உயர் ரத்த அழுத்தத்துக்கு மட்டும் தரப்படுவதில்லை. நெஞ்சுவலி வராமல் தடுக்க, மாரடைப்புக்குப் பின் இதயத்தைப் பாதுகாக்க, தாறுமாறான இதயத்துடிப்பைச் சீராக்க, இதயச் செயலிழப்பில், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமலிருக்க, தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது வரும் படபடப்புக்கு என்று பல காரணங்களுக்காகத் தரப்படுகின்றன. அதனால் ஒரே மாத்திரையைப் போடும் இருவரின் நோய் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அளவும் ஒன்றாக இருக்காது.

உடலுக்குள் என்ன செய்கிறது?

அட்ரினலினை 'அவசரகால ஹார்மோன்' என்று வகுப்பில் சொல்கிறோம். நாய் துரத்தும்போது இதயம் வேகமாகத் துடிப்பதும், மூச்சுக்குழல்கள் விரிவதும் அதன் வேலை. அட்ரினலின் வந்து அமர்வதற்கென்று செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளை ஆல்ஃபா, பீட்டா என இரு வகையாகப் பிரிக்கலாம் என்று 1948-இல் அமெரிக்க அறிவியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் எழுதினார். அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு, பீட்டா ஏற்பியை மூடிவிட்டால் நோயுற்ற இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கலாமே என்று யோசித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். 1960-களில் அவர் உருவாக்கிய மருந்துதான் ப்ரோப்ரானோலால். 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

மாத்திரை பீட்டா ஏற்பியில் போய் அமர்ந்துகொள்ளும்போது அட்ரினலினுக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. இதயம் மெதுவாகவும் சற்று மென்மையாகவும் துடிக்கிறது. அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறைகிறது. ரத்த அழுத்தமும் இறங்குகிறது.

சரி, திடீரென நிறுத்தினால் ஏன் ஆபத்து? பள்ளி மணியை நினைத்துக்கொள்ளுங்கள். மணியின் நாக்கில் துணி சுற்றிவிட்டால் ஓசை மெலிதாகத்தான் கேட்கும். மணி அடிப்பது காதில் விழ வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் காதைத் தீட்டி வைத்துக்கொள்வார்கள். உடலும் அப்படித்தான் செய்கிறது. மாதக்கணக்கில் மாத்திரை போடும்போது, அட்ரினலினின் குரல் சரியாகக் கேட்கவில்லையே என்று இதயச் செல்கள் பீட்டா ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கின்றன. ஒருநாள் துணியை உருவிவிட்டால், மணி வழக்கம்போல்தான் அடிக்கும்; ஆனால் தீட்டிய காதுகளுக்கு அது இடியாக விழும். அதாவது, மாத்திரை நின்றதும் நோய் பழைய நிலைக்குத் திரும்புவதோடு நிற்பதில்லை. சில நாட்களுக்குப் பழைய நிலையைவிட மோசமாகவே போகலாம்.

நிறுத்திய ஓரிரு நாளிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் படபடப்பு, வியர்வை, நடுக்கம், தலைவலி, ரத்த அழுத்த உயர்வு ஆகியவை தோன்றலாம். ஏற்கெனவே இதய ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். அதனால்தான் நிறுத்த வேண்டிய தேவை வந்தாலும் மருத்துவர்கள் ஒரேயடியாக நிறுத்துவதில்லை. ஓரிரு வாரங்களிலோ அதற்கு மேலோ அளவைப் படிப்படியாகக் குறைத்த பிறகே நிறுத்துகிறார்கள். அந்தக் குறைப்பும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். நாமாகப் பாதிப் பாதியாக உடைத்துப் போடுவது குறைப்பு ஆகாது.

எப்போதெல்லாம் நிறுத்திவிடுகிறோம்?

'நிறுத்த வேண்டும்' என்று முடிவெடுத்து நிறுத்துபவர்கள் குறைவு. பெரும்பாலும் அது நம்மையறியாமல் நடக்கிறது.

'இப்போது நார்மல்' என்னும் எண்ணம்: நான் செய்த தவறு இதுதான். மாத்திரை போடுவதால்தான் அளவு சரியாக இருக்கிறது. அளவு சரியாக இருப்பதால் மாத்திரை வேண்டாம் என்று ஆகிவிடாது.

மாத்திரை தீர்ந்துபோவது: தேர்தல் பணி, பயிற்சி முகாம், தேர்வு மையப் பணி, பொங்கல் விடுமுறையில் சொந்த ஊர்ப் பயணம் போன்ற நாட்களில்தான் இது நேர்கிறது. அட்டையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை மிஞ்சியிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். பயணத்தில் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். பேருந்தின் மேல்தட்டில் ஏற்றும் பெட்டியில் வேண்டாம். மருந்துச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் வெளியூரிலும் வாங்குவது எளிது.

விரதம்: கார்த்திகை விரதமோ ரமலான் நோன்போ தவக்காலமோ, விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொன்னால் மாத்திரை போடும் நேரத்தை அதற்கேற்ப மாற்றித் தருவார். விரத நாட்களில் மாத்திரையை விட்டுவிடுவது தவறு.

பல் பிடுங்குதல், அறுவை சிகிச்சை: 'ஆபரேஷனுக்கு முன் எதுவும் சாப்பிடக் கூடாது' என்றார்களே என்று பலர் இந்த மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். இந்த மாத்திரை போடுவதை மயக்கவியல் மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் முன்பே சொல்லி, அன்று போட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சோர்வு: தொடங்கிய முதல் சில வாரங்களில் உடல் அசதி, கை கால் சில்லிடுதல், சிலருக்குத் தூக்கத்தில் தெளிவான கனவுகள் வரலாம். பெரும்பாலும் நாளடைவில் குறைந்துவிடும். தாம்பத்தியத்தில் நாட்டக் குறைவு ஏற்படுவதும் உண்டு. கூச்சத்தால் இதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தர வழி இருக்கிறது.

தினமும் போடும் முறை

தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். காலையில் எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்கும் பரபரப்பில் மறந்துவிடும் என்றால், மருத்துவரிடம் கேட்டு இரவு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். இன்று போட்டோமா இல்லையா என்ற சந்தேகமே வருவதில்லை.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டிருந்தால் விட்டதை விட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போட வேண்டும். விட்டதை ஈடுகட்ட இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துப் போடவே கூடாது. இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து விட்டுப்போயிருந்தால், நீங்களாகத் தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

அட்டையில் மருந்தின் பெயரோடு 'எக்ஸ்.எல்.', 'இ.ஆர்.' போன்ற எழுத்துகள் இருந்தால், அது நாள் முழுவதும் சிறிது சிறிதாக மருந்தை வெளிவிடும் மாத்திரை. அதை மென்றாலோ பொடித்தாலோ ஒரு நாளைய மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடும். அப்படியே விழுங்க வேண்டும். சிலவற்றில் நடுவே கோடு இருக்கும். அவற்றை மட்டும், மருத்துவர் சொல்லியிருந்தால், கோட்டில் உடைக்கலாம்.

நாற்காலியிலிருந்தோ படுக்கையிலிருந்தோ சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். தரையில் அமர்ந்து குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் நிதானமாக எழ வேண்டும்.

நாடி பார்க்கத் தெரியுமல்லவா?

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோமே, அதேதான். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பிறகு, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 60 முதல் 100 வரை. இந்த மாத்திரை போடுபவர்களுக்கு அது 60-ஐ ஒட்டியோ சற்றுக் கீழேயோ இருப்பது மருந்தின் இயல்பு. 50-க்குக் கீழே போனாலோ, தலைச்சுற்றல், கண் இருட்டுதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றோடு குறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் தன்னை அழைக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்வது இன்னும் நல்லது.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பயிற்சியின்போது நாடித்துடிப்பு இத்தனைக்கு உயர வேண்டும் என்னும் கணக்கு இந்த மாத்திரை போடுபவர்களுக்குப் பொருந்தாது. எவ்வளவு ஓடினாலும் அவர்களின் துடிப்பு அவ்வளவாக ஏறாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும் என்பதே அவர்களுக்கான அளவு.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

ஆஸ்துமா அல்லது இளைப்பு: மூச்சுக்குழலிலும் பீட்டா ஏற்பிகள் இருக்கின்றன. இளைப்புக்கு உறிஞ்சும் சால்புட்டமால் அந்த ஏற்பியைத் தூண்டி மூச்சுக்குழலை விரிக்கிறது. ப்ரோப்ரானோலால் அதே ஏற்பியை மூடிவிடுகிறது. ஒன்று திறக்க, மற்றொன்று அடைக்க, நோயாளிக்கு மூச்சுத் திணறும். இதயத்தைக் குறிவைத்து வேலை செய்யும் மருந்துகளும் இருக்கின்றன என்றாலும், தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை. சிறுவயதில் இருந்த இளைப்பையும் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோய்: ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கும்போது கை நடுக்கமும் படபடப்பும்தான் நம்மை எச்சரிக்கும். இந்த மாத்திரை அந்த எச்சரிக்கையை மறைத்துவிடக்கூடும். வியர்வை மட்டும் மறையாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ போடும் ஆசிரியர், காரணமில்லாமல் திடீரென வியர்த்தாலோ மனம் குழம்பினாலோ படபடப்புக்காகக் காத்திருக்காமல் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். பரிசோதிக்க வழியில்லையென்றால் உடனே இனிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். மதிய உணவைத் தள்ளிப்போடும் பழக்கமுள்ள நமக்கு இது முக்கியம்.

மற்ற மருந்துகள்: வெராபமில், டில்டியாசெம் போன்றவை இதனோடு சேர்ந்தால் இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா தடுப்பு வகைதான். கண்ணில் விடுவதுதானே என்று சொல்லாமல் விடக் கூடாது. கழுத்துவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் நாமே வாங்கிப் போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். மூக்கடைப்பை நீக்கும் சளி மாத்திரைகள் சிலவும் அப்படியே.

கர்ப்பம்: கருத்தரிக்கத் திட்டமிடும்போதே சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்துக்கு ஏற்ற மருந்தாக மாற்றித் தருவார்கள்.

பகிர்ந்துகொள்ளக் கூடாத பொருள்

எங்கள் பள்ளியில் ஒருமுறை சத்துணவு சமையலர் அம்மா தலைவலியென்று உட்கார்ந்திருந்தார். உதவியாளர் தன் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, "எனக்கும் பிரஷருதாங்கா, இதைப் போடுங்க" என்று நீட்டினார். சமையலர் அம்மாவுக்கு இளைப்பு உண்டு. அன்பினால் நீட்டிய அந்த மாத்திரை அவருக்கு என்ன செய்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது. நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன்.

நேர்காணலுக்கும் மேடைப் பேச்சுக்கும் முன் 'பதற்றம் வராமல் இருக்க' ப்ரோப்ரானோலால் போட்டுக்கொள்ளும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. மருத்துவர் ஆலோசனை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. தேர்வு பயத்தில் நடுங்கும் மாணவருக்கு எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக் கூடாது.

மேசை இழுப்பறையிலும், பிள்ளைகள் கைக்கெட்டும் பையிலும் இந்த அட்டையை வைக்காதீர்கள். ஒரு குழந்தை இதை விழுங்கிவிட்டால் இதயத்துடிப்பும் ரத்தச் சர்க்கரையும் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடனடியாக உதவி தேடவேண்டிய அறிகுறிகள்: நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், இளைப்பு, மயங்கி விழுதல். 108-ஐ அழையுங்கள். தானாகவே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். கால் வீக்கம் அல்லது சில நாட்களிலேயே உடல் எடை கூடுதல் இருந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் நம் கிராமங்களில் வீடு தேடியே வருகின்றன. வந்த மாத்திரை தவறாமல் உள்ளே போகிறதா என்பதில்தான் நம்மாலும் உதவ முடியும்.

முகாமிலிருந்து திரும்பிய பிறகு, அட்ரினலின் பாடத்தை நடத்தும்போது ஒரு சிறு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டில் தினமும் மாத்திரை போடுபவர் யார், அவர் போடும் மாத்திரையின் பெயர் என்ன, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேட்டு எழுதி வர வேண்டும். மாத்திரையைத் தொடக் கூடாது, எதையும் மாற்றச் சொல்லக் கூடாது. விவரத்தை வகுப்பில் வாசிக்கத் தேவையில்லை, என்னிடம் காட்டினால் போதும். ஒரு மாணவி எழுதி வந்திருந்தாள்: "ஆயா மாத்திரை பேரு அட்டெனோலால். இருப்பு இல்லை. போன வாரமே தீர்ந்துவிட்டது."

அன்று மாலையே அந்தக் குழந்தையின் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுநாள் காலை ஆயாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அவருக்கு அளவு கூடித்தான் இருந்ததாம். மருத்துவர் பார்த்து, மறுபடி மாத்திரையைத் தொடங்கிக் கொடுத்திருக்கிறார்.

நான் மருத்துவர் அல்ல. உங்கள் மருந்தின் அளவை இந்தக் கட்டுரையைப் படித்து மாற்றாதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள், மிச்சமிருப்பதை எண்ணுங்கள். ஏழுக்குக் குறைவாக இருந்தால் நாளையே வாங்கிவிடுங்கள்.